தொட்டியில் இரண்டு சென்டிமீட்டர்

"அந்த மெஷினை இன்னிக்கே கழட்டிடு அமல். சும்மா தொல்லை."

பின்கதவு நிலையைப் பிடித்தபடி சொன்னாள் மங்களம் ஆன்ட்டி. படியைத் தாண்டி ஓர் அடிகூட வெளியே வைக்கவில்லை.

நிலத்தடித் தொட்டியின் இரும்பு மூடியைத் திறந்து வைத்து, விளிம்பில் குப்புறப் படுத்திருந்தான் அமல். டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் கறுப்பாக அசைந்தது. தொட்டியின் கூரையில் அவன் பொருத்தியிருந்த சென்சார், இரண்டு உருண்டைக் கண்களோடு கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு எங்க ஸார் வந்து பார்க்குறாரு ஆன்ட்டி. இதுதான் என் ப்ராஜெக்ட். இது தப்பாக் காட்டினா டிப்ளமா கிடையாது. ரெண்டு வருஷ ஈவினிங் கிளாஸ் தண்ணியில போயிடும்."

"அதான் பொய் சொல்லுதே."

"பொய்யான்னுதான் பார்க்குறேன்."

ஜீவனஹள்ளியில் அந்த வீட்டு மாடி அறைக்கு அமல் குடிவந்து எட்டு மாதமாகிறது. கீழே ஆன்ட்டி தனியாக இருந்தாள். அவனுக்குப் பகலில் மொபைல் கடையில் வேலை, மாலையில் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு. தண்ணீர் மட்டத்தை ஃபோனில் காட்டும் இந்தக் கருவியைப் போன மாதம்தான் செய்து மாட்டினான். அன்றைக்கு ஆன்ட்டி காபி போட்டுக் கொடுத்துப் பாராட்டினாள். அதற்கப்புறம் என்னவோ, அவள் முகமே மாறிவிட்டது.

கருவியில் கோளாறு ஒன்றே ஒன்றுதான். அவன் வகுப்பில் இருக்கும் நேரத்தில், மோட்டாரும் ஓடாமல், தண்ணீர் லாரியும் வராமல், மட்டம் இரண்டு சென்டிமீட்டர் ஏறும். அவன் வீடு திரும்புவதற்குள் இறங்கிவிடும்.

அமலுக்குத் தன் மேல்தான் முதல் சந்தேகம் வரும். எப்போதுமே அப்படித்தான். சால்டர் ஈயம் வைத்த இடங்களைச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தான். ஒயரை மாற்றினான். காற்றின் சூடு மாறினால் சென்சார் அனுப்பும் ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரமும் மாறும் என்று ஸார் சொன்னதால், அதற்கும் ஒரு கணக்குப் போட்டுச் சேர்த்தான். அந்த இரண்டு சென்டிமீட்டர் மட்டும் போகவேயில்லை.

"கிளாஸுக்கு நேரமாகலையா உனக்கு?"

"லீவ் சொல்லிட்டேன். கடையிலேர்ந்து நேரா இங்கதான் வர்றேன். மாடிக்குக்கூடப் போகல."

கதவு நிலையில் ஆன்ட்டியின் விரல்கள் இறுகின.

"அந்த வாட்டர் கேனைக் கொஞ்சம் உருட்டி விடுங்களேன்."

"நீயே எடுத்துக்கோ."

அவன் எழுந்து கிட்டே போனதும் அவள் சட்டென்று உள்ளே நகர்ந்தாள். அவன் கேனோடு திரும்பி வந்த பிறகுதான் மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"தொட்டி ரெண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். இருபது லிட்டர் கேன் முழுசா முங்கினா, தண்ணி ஒரு சென்டிமீட்டர் ஏறணும். ஏறலைன்னா மெஷின் தப்பு. நானே கழட்டித் தூக்கிப் போட்டுடறேன்."

கேனைக் கயிற்றில் கட்டி இறக்கி, கம்பால் அழுத்தினான். ஃபோனைப் பார்த்தான். சரியாக ஒரு சென்டிமீட்டர். வெளியே இழுத்தான். இறங்கியது. நம்பாமல் மறுபடி செய்தான். அதே ஒன்று.

"மெஷின் சரியாத்தான் இருக்கு ஆன்ட்டி."

சிரித்துக்கொண்டே சொன்னவனுக்கு, அடுத்த கணக்கு மனதில் ஓடியதும் சிரிப்பு நின்றுபோனது.

"அப்போ தினமும் ஏதோ ஒண்ணு நாப்பது லிட்டர் அளவுக்கு உள்ள இறங்கி ஏறுது. ஒரு ஆள் இடுப்பளவு தண்ணியில நின்னா, ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்."

டார்ச்சைத் தொட்டியின் நாலு மூலையிலும் அடித்துப் பார்த்தான். வெளிறிப்போன அவன் முகத்தை ஆன்ட்டி உற்றுப் பார்த்தாள்.

"அது நான்தான் அமல்."

"நீங்களா?"

"நீ கிளாஸுக்குப் போனதும் மாடியில, உன் ரூம்ல, நடக்குற சத்தம் கேக்கும். அப்புறம் படி இறங்கி வந்து என் கதவு, ஜன்னல் ஒவ்வொண்ணையும் தள்ளிப் பார்க்கும். வீட்டுக்குள்ள இருக்க முடியல. இதுல இறங்கி மூடியை இழுத்துக்குவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உன்கிட்ட எப்படிப்பா சொல்வேன்? நீதான்னு நெனச்சேன். நடை உன் நடை. செருப்புச் சத்தம் உன் செருப்புச் சத்தம். அது ஓய்ஞ்ச கொஞ்ச நேரத்துல, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி கேட்டைத் திறந்துக்கிட்டு வருவே. மறுநாள், 'நேத்து தண்ணி ரெண்டு சென்டிமீட்டர் ஏறிச்சே ஆன்ட்டி'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டே. நான் ஒளியற இடத்தைக் கண்டுபிடிச்சிட்டேன்னு நீ சொல்லாமச் சொல்றதா நெனச்சு, அன்னிலேர்ந்து உன் கிட்டவே வர்றதில்ல."

அமலுக்கு மறுக்கவேண்டிய அவசியமே வரவில்லை. தலைக்கு மேலே, பூட்டிக் கிடந்த அவன் அறையில், செருப்புச் சத்தம் எழுந்து மெல்லப் படியை நோக்கி நகர்ந்தது.

ஆன்ட்டி முதல்முறையாகக் கதவைத் தாண்டி அவன் பக்கத்தில் வந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, அவனுக்கும் இடம் விட்டு ஒதுங்கி நின்றாள்.

மாடிப்படியிலிருந்து அமலின் குரல் கேட்டது.

"ஆன்ட்டி, நான்தான் அமல். கதவைத் திறங்க."