வேறு காரணம்

மருமகள் செண்பகவல்லி வாயைத் திறந்ததும் மாமனார் எழுந்து நின்றுவிட்டார்.

பல் கணக்கெடுக்க வந்திருந்த பெண் மருத்துவர், சிறிய கண்ணாடியை உள்ளே விட்டு ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் எண் சொன்னார். உடன் வந்த செவிலி தாளில் குறித்தாள்.

மேல் வரிசையின் நடுவில் எண் நின்றது.

"முன்பல் ரெண்டு இல்லையேம்மா. சொத்தையில போச்சா, வேற காரணமா?"

செண்பகவல்லியின் வாயில் கண்ணாடி இருந்தது.

இந்த வீட்டில் வெளியாட்கள் எதைக் கேட்டாலும் அவர்தான் பதில் சொல்வார். ரேஷன் அட்டைக்கும் அவர்தான். வாக்காளர் பட்டியலுக்கும் அவர்தான்.

"சொத்தை," என்றார்.

செவிலி குறித்துக்கொண்டாள்.

போன ஆவணியில் ஒரு மாலை. அடுத்த அறையில் மகனின் குரல் உயர்ந்தது. பிறகு அடி விழுந்தது.

அவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒலியைக் கூட்டினார்.

யார் கேட்டாலும் சொத்தை என்று சொல்லச் சொன்னதும் அவர்தான். குடும்பப் பெயர் தெருவுக்குப் போகக் கூடாது.

"பக்கத்துப் பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கே," என்றார் மருத்துவர்.

மாமனார் சுவரைப் பார்த்தார்.

அடுத்து அவர் முறை. நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

"எழுபத்தொரு வயசுல ஒரு பல்லுகூடப் போகல. சொத்தையும் இல்ல. பெரிய விஷயம் ஐயா."

வழக்கமாக இதற்குச் சிரிப்பார். இன்று உதடுகளை மூடிக்கொண்டார்.

மருத்துவர் தாள்களைப் புரட்டினார்.

"ஒண்ணுதான் புரியல. இந்தத் தெருவுல பதினோரு வீடு பாத்தாச்சு. அஞ்சு வீட்டுல இப்படித்தான். பொம்பளைங்களுக்கு மட்டும். முன்பல் மட்டும். எல்லாமே சொத்தைன்னுதான் சொல்றாங்க."

அஞ்சு வீடு.

எந்தெந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. தெருப் பெரியவர்கள் எல்லாரும் அவருக்கு வேண்டியவர்கள். மாலையில் கோயில் வாசலில் ஒன்றாக உட்காருகிறவர்கள்.

"தண்ணியில ஏதாச்சும் இருக்குமா ஐயா? சோதனைக்கு அனுப்பிப் பாக்கறோம். கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க."

செவிலி ஒரு சின்ன பாட்டிலை நீட்டினாள். செண்பகவல்லி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

பாட்டில் நிறையப் பிடித்துக்கொண்டு வந்தாள். மருத்துவர் கை நீட்டினார்.

அவள் அதை மாமனாரிடம் கொண்டுவந்தாள்.

"நீங்களே குடுங்க, மாமா."

அவர் வாங்கிக்கொண்டார். தண்ணீர் தெளிவாக இருந்தது. அதன் வழியே தன் விரல்கள் பெரிதாகத் தெரிந்தன.

மருத்துவரின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது.

அவர் பாட்டிலைக் கொடுக்கவில்லை.