நாளை மின்தடை

“மேடம், மின்தடைன்னா கரண்ட் போறதுதானே?”

பல்பு எழுந்து நின்று கேட்டதும் வகுப்பே குலுங்கிச் சிரித்தது. எதைச் சொன்னாலும் தப்பாகச் சொல்லி பல்பு வாங்குகிறவன் என்று பையன்கள் வைத்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

கரும்பலகை முன்னால் நின்ற விரிவுரையாளருக்கு முகம் சுண்டிப்போனது. இவன் வாய் திறக்க இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது?

கடைசி பெஞ்சில் துறைத் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவளுடைய வேலை தற்காலிகம். இன்றைய வகுப்பைப் பார்த்துவிட்டுத்தான் அதை நிரந்தரமாக்குவதா, ஆளை அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வார். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். “எங்க பொண்ணு காலேஜ்ல பாடம் எடுக்குது” என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். தற்காலிகம் என்ற வார்த்தையை மட்டும் சொல்வதில்லை.

காலையிலிருந்தே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கணக்கு என்னவோ சின்னதுதான். ஒரு இஸ்திரிப் பெட்டி. மின்னழுத்தம் 230 வோல்ட், மின்னோட்டம் 5 ஆம்பியர். அதன் மின்தடை எவ்வளவு, திறன் எவ்வளவு? கடைசி பெஞ்சையே நினைத்துக்கொண்டு இரண்டு விடையையும் எழுதி, அடியில் கோடு போட்டுவிட்டு, இப்போதுதான் திரும்பினாள். துறைத் தலைவர் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் இவன்.

சிரிப்புச் சத்தத்தில் தலைவர் நிமிர்ந்தார். “என்னம்மா இது? மின்தடைன்னா என்னன்னே இன்னும் சொல்லித் தரலையா?”

“முதல் வாரமே சொல்லிட்டேன் சார்…”

“பேப்பர்ல ‘நாளை மின்தடை’ன்னு போடறாங்களே மேடம், அது இது இல்லையா?”

மறுபடியும் சிரிப்பு. தலைவர் போனை வைத்துவிட்டுச் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் துழாவினார்.

“எனக்கு ஒண்ணுமே விளங்கல மேடம். முதல்லேர்ந்து போடுங்க” என்றபடி பல்பு விறுவிறுவென்று முன்னால் வந்தான். டஸ்டரை எடுத்தான். ஒரே இழுப்பில் பலகை காலி.

“யாருடா உன்னை அழிக்கச் சொன்னது?”

“உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்?”

அவளுக்குத் தாங்கவில்லை. “உனக்குப் பல்புன்னு சும்மாவா பேர் வெச்சாங்க? ஃபியூஸ் போன பல்பு! போய் உக்காரு.”

பெஞ்சுகள் அதிர்ந்தன. தலைவர்கூடச் சிரித்தார். பல்பும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தான்.

கோபத்தில் அவளுக்குத் தலைவர் இருப்பதே மறந்துபோனது. சாக்பீஸை எடுத்தாள். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல ஆரம்பித்தாள்.

“கரண்ட் வீட்டை விட்டே போயிட்டா அது மின்வெட்டு. அதைத்தான் பேப்பர்ல மின்தடைன்னு போடறாங்க. நம்ம பாடத்துல அப்படி இல்ல. கரண்ட் ஓடிட்டுத்தான் இருக்கும், கம்பி அதைத் தடுக்கும். எவ்வளவு தடுக்குதோ, அதுதான் மின்தடை. அழுத்தத்தை ஓட்டத்தால வகுக்கணும். இருநூத்து முப்பதை அஞ்சால வகு.”

“நாற்பத்தாறு” என்றது வகுப்பு.

“நாற்பத்தாறு ஓம். திறன் வேணும்னா ரெண்டையும் பெருக்கணும்.”

“ஆயிரத்து நூத்தைம்பது!”

“வாட். சொல்லு பல்பு, இப்பவாவது எரிஞ்சுதா?”

“எரிஞ்சுது மேடம்.”

மணி அடித்தது. போகிற வழியில் தலைவர் அவளருகே நின்றார். “ஃபியூஸ் போனதையே எரிய வெச்சிட்டீங்க. நாளைக்கு ஆபீஸ்ல வந்து ஆர்டரை வாங்கிக்குங்க.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்குப் போன் செய்ய வேண்டும். இனி அந்த ஒரு வார்த்தையை அவர் விழுங்க வேண்டியதில்லை.

போனை எடுக்கும்போது முதல் பெஞ்சுப் பெண் வந்து நின்றாள். வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான்.

“மேடம், ஒரு சந்தேகம். முதல்ல மின்தடை ஆயிரத்து நூத்தைம்பது, திறன் நாற்பத்தாறுன்னு போட்டீங்க. நான் அப்படியே எழுதிட்டேன். அப்புறம் போட்டது தலைகீழா இருக்கு. எது மேடம் சரி?”

“நானா? அப்படியா போட்டேன்?”

“ஆமா மேடம். எனக்குப் பின்னாடி பெஞ்சுலதான் பல்பு இருந்தான். நீங்க எழுதும்போதே ‘ஐயையோ, மேடம் மாத்திப் போட்டாங்க, சார் பாக்கப்போறாரு’ன்னான். நான் அவன் பேச்சை நம்பல. உடனே எழுந்து அந்த அசட்டுக் கேள்வியைக் கேட்டான்.”

போன் அவள் கையிலேயே இருந்தது.

“ரெண்டாவது போட்டதுதான்மா சரி” என்று சொல்லிவிட்டு வாசலுக்கு விரைந்தாள்.

வெளியே நடைவழியில் பையன்கள் அவனைச் சூழ்ந்து நின்றார்கள். அவனுக்குப் புதுப் பெயர் வைத்தாகிவிட்டது.

“டேய் மின்தடை! கரண்ட் எப்படா வரும்?”

அவன் அவளைப் பார்த்துவிட்டான். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். “அதெல்லாம் வந்துடுச்சு, விடுடா.”

அவனைக் கூப்பிட வாய் திறந்தாள். வருகைப் பதிவுக்கு எண் போதுமாக இருந்தது. மற்ற நேரத்துக்குப் பல்பு போதுமாக இருந்தது.

இத்தனை நாளில் அவன் பெயரை அவள் கேட்டதே இல்லை.