செஞ்சிக்கு ஓர் அளவுகோல்

ராஜமதிக்குப் புத்தி சரியில்லை என்பது மூன்றாவது கேள்வியிலேயே சுந்தரமூர்த்திக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னொரு தடவை கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு. பின்னாலேருந்து யாராவது உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, எத்தனாவது தடவைக்குத் திரும்புவே?"

"மொத தடவைக்கே திரும்பிடுவேன் சார். காது நல்லா கேக்குது எனக்கு."

சுந்தரமூர்த்தி உதட்டைச் சுழித்துக்கொண்டு தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். இயல்பான ஆள் மூன்றாவது தடவைக்குத்தான் திரும்புவான். அவருடைய அளவுகோல் அப்படித்தான் சொன்னது.

அவர் பட்டணத்தில் பெயர் வாங்கிய மனோதத்துவ நிபுணர். குழந்தைகளோடு வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் மனச்சோதனை நடத்த வேண்டும் என்று அறுபத்து நாலாம் வருஷத்துக் கோடையில் மேலிடம் உத்தரவு போட, செஞ்சி முசாபரி பங்களாவில் வந்து மாட்டிக்கொண்டிருந்தார். ராஜமதி தொண்டூரில் பால்வாடி டீச்சர். பத்துக் கேள்வியில் ஆறு தேறாவிட்டால் அவளுடைய வேலை போய்விடும்.

"பஸ் வந்தா முதல்ல என்ன செய்வே?"

"கை காட்டி நிறுத்துவேன், ஏறுவேன்."

"கும்பிட மாட்டியா?"

"பஸ்ஸையா?" ராஜமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்டக்டரையே யாரும் கும்பிடறதில்ல சார்."

இன்னொரு பெருக்கல் குறி. பட்டிக்காட்டு ஜனங்கள் எதைத்தான் கும்பிடாமல் விட்டிருக்கிறார்கள், இவளுக்கு மட்டும் என்ன கேடு வந்தது என்று மனசுக்குள் வைதுகொண்டார். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலை அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற ஆபீஸ் பியூன் இளையபெருமாள் சோடாவை உடைத்து மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி வாசலுக்கே போய் நின்றான்.

"ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவே?"

"பொழுது சாஞ்சா பச்சத் தண்ணிகூட குடிக்க மாட்டேன் சார். நாங்க ஜைனருங்க. எங்க ஊட்ல எல்லாருமே அப்படித்தான்."

"எல்லாருமேவா?" என்று கேட்டவர், பேனாவை அழுத்திப் பிடித்து, 'பரம்பரை வியாதி' என்று எழுதினார்.

ஒரு நடத்தை அபூர்வமானதா, ஊர் வழக்கத்துக்கு விரோதமா, செய்கிறவருக்கு வேதனையா, அடுத்தவருக்கு ஆபத்தா என்றெல்லாம் பார்த்த பிறகே ஒருவரைப் பிறழ்ந்தவர் என்று சொல்ல வேண்டும் என்று அவர் படித்த மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லின. அவ்வளவுக்கு மெனக்கெட அவருக்குப் பொறுமை ஏது? இந்தப் பக்கத்துச் சாதாரண ஆள் ஒருவனை அளந்துவிட்டால் போதும், மற்றவர்களை அவனோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று சுருக்குவழி கண்டுபிடித்திருந்தார். பட்டிக்காட்டான்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்தானே!

அதற்காகச் சென்ற மாதம் செஞ்சி ஆபீசுக்கு ஒரு கடிதம் போட்டார். இங்கிலீஷில் எழுதினால் இந்தத் தற்குறிகளுக்கு எங்கே விளங்கப்போகிறது என்று, அகராதியைப் புரட்டிப் புரட்டித் தமிழிலேயே எழுதினார். ஆளும் வந்து சேர்ந்தான். பத்து நாள் அவனைத் தங்கவைத்து, அவன் நின்றது நடந்தது எல்லாவற்றையும் குறித்துத் தயாரித்த அளவுகோல் இது. அடுத்த வாரம் புத்தகமாகவே வரப்போகிறது.

கடைசிக் கேள்வியும் முடிந்தது. சுந்தரமூர்த்தி கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பத்துக்கு ரெண்டு. உன்னைக் குழந்தைங்ககிட்ட விட முடியாதும்மா."

ராஜமதிக்கு முகம் வெளிறிப்போயிற்று. "சார், ஊட்டுக்காரரு போனதுலருந்து இந்த வேலைய நம்பித்தான் ரெண்டு பொண்ணுங்களையும் படிக்க வெச்சிருக்கேன். நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்? பஸ்ஸக் கும்பிடறதுதான் சரின்னு யாரு சார் சொன்னது?"

"நானா சொன்னேன்? உங்க ஊர் ஆளே செஞ்சு காட்டியிருக்கான். ஜெயராமன்னு பேரு." அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

"எந்த ஜெயராமன்? தெனம் பஸ் ஸ்டாண்டுல நின்னு போற வர்ற பஸ்ஸுக்கெல்லாம் கும்பிடு போட்டு உத்தரவு குடுக்குமே, அந்த ஜெயராமனா?"

சுந்தரமூர்த்தியின் பேனா நின்றது. ராஜமதி திரும்பி இளையபெருமாளைப் பார்த்தாள்.

"யோவ், நீதானே அந்த ஆளைப் பிடிச்சு அனுப்பினே?" சுந்தரமூர்த்திக்குக் குரல் ஏறியது. "அத்தனை பெரிய ஊர்ல உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

இளையபெருமாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊரையே சலித்து, நாலு பேரைக் கலந்து, இவனை விட்டால் பொருத்தமான ஆள் இல்லை என்று தேர்ந்தெடுத்துப் பட்டணத்துக்கு ஏற்றிவிட்டவன் அவன்.

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? 'ஒரு மாதிரி ஆளை அனுப்பவும்'னு நீங்கதான எழுதியிருந்தீங்க!"