நான்கு விரற்கடை மண்

உலகத்திலேயே மண் எது என்று தெரிந்தவர் ஒருவர்தான்: நிலவியல் துறைத் தலைவர். இதை அவரே பலமுறை உறுதி செய்திருக்கிறார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கருங்கல். அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

டீயைக் குடித்து முடித்தவர், அடியில் தங்கிய தூளை முதுகுக்குப் பின்னாலிருந்த ஜன்னல் வழியே வீசினார். மேசை பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது இந்த அறைக்கு வந்த நாள்முதல் அவருடைய கொள்கை.

எதிரே ஆராய்ச்சி மாணவி நின்றாள். ஆய்வேட்டில் அவர் கையெழுத்து விழ இன்றுதான் கடைசி நாள். விழாவிட்டால் ஐந்து வருட உழைப்பு போச்சு.

"பாறைமேல உதிரியா கிடக்குறதெல்லாம் மண்ணு இல்லம்மா. அதுக்குப் பேரு ரெகோலித். வெறும் நொறுங்கல். நிலாவுலகூடத்தான் கிடக்கு, போய்க் கத்தரிக்கா போடுறியா?"

"அதுல மக்கினது சேர்ந்து, புழு பூச்சி குடியேறினாத்தான் மண்ணு. அதைத்தான் சார் எழுதியிருக்கேன். ரெண்டு இடத்துலயும் ஒரே நொறுங்கல். ஒண்ணு அப்படியே சாம்பலா கிடக்கு. இன்னொண்ணுல நாலு விரற்கடைக்குக் கறுப்பு மண்ணு, மண்புழு, ஒரு தக்காளிச் செடி."

"அதெப்படி?"

"ஒருத்தர் பன்னிரண்டு வருஷமா தினமும் சாப்பிட்ட மிச்சத்தை அங்க கொட்டுறார் சார்."

கருங்கல் சிரித்தார். "யாரந்தத் தற்குறி? பன்னிரண்டு வருஷமா கொட்டுறான், எங்க விழுதுன்னு எட்டிக்கூடப் பாக்கல. அவன் இருக்கிற திக்குல நான் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

"நல்லாப் படிச்சவர்தான் சார்."

"கதை விடாத. இடத்தோட பேரை ஏன் எழுதல?"

"எழுதினா அவருக்குச் சங்கடம்."

"அந்த மடையனுக்குப் பாவம் பாக்குறியா? இடத்தைக் காட்டு, இப்பவே கையெழுத்து. இல்லேன்னா மூட்டையைக் கட்டு."

சொல்லிக்கொண்டே மதிய ரொட்டியைப் பிரித்தார். வேண்டாம் என்று எத்தனை சொல்லியும் மனைவி வைத்தனுப்பும் தக்காளித் துண்டுகளைப் பொறுக்கியெடுத்து, திரும்பிப் பார்க்காமலேயே பின்னால் வீசினார்.

மாணவி பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"இப்ப தக்காளி விழுந்துச்சே சார், அந்த இடந்தான்."