கார்னீலியஸ் ஹான்ராட்டியின் பெட்டி மூடி

கல்லறையைத் திறந்தபோது நான், என் தங்கை வினிஃப்ரெட், பாதிரியார் டோலன், குழி வெட்டிய குவிக் ஆகிய நால்வர் மட்டுமே இருந்தோம்.

என் பாட்டனாரின் தம்பி கார்னீலியஸ் ஹான்ராட்டி அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்து, இங்கே கன்சாஸில் குதிரைப்படையில் சேர்ந்து, செவ்விந்தியரோடு நடந்த சண்டையில் இறந்தவர். புறமுதுகிட்டு ஓடியவர் என்று சொல்லி ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடம் மறுத்தார்கள். காயம் எந்தப் பக்கம் என்று எலும்பு சொல்லட்டும் என்றேன்.

குவிக் குழிக்குள் இறங்கி மூடியைத் தூக்கினான்.

“முதுகுல ஒரு கீறல் இல்லீங்க. அம்பு முனை நெஞ்செலும்புல முன்பக்கமா குத்தி நிக்குது. கோடாலி நெத்தியில இறங்கி மூக்கு வரைக்கும் பொளந்திருக்கு.”

“நல்லாப் பாத்தியா?”

“நேருக்கு நேரா நின்னு வாங்கியிருக்காரு, ஐயா.”

வினிஃப்ரெட் என் கையைப் பிடித்தாள். “அண்ணா, மூடியைப் பாருங்க.”

மூடியின் உட்புறமெங்கும் குதிரைக் குளம்படிகள் ஆழமாகப் பதிந்திருந்தன.

“எதிரி தோண்டிடக் கூடாதுன்னு, புதைச்ச இடத்து மேல குதிரைங்கள ஓட்டுவாங்க. அந்தக் கால வழக்கம்” என்றார் பாதிரியார்.

குவிக் மூடியைத் திருப்பினான். மேற்புறம் வழவழவென்று இருந்தது. “உள்ளே போயும் சவாரிய விடல போல” என்று சிரித்தான்.

“வாயை மூடிட்டு வேலையைப் பாரு” என்றேன்.

காயங்கள் முன்பக்கம் என்று தெரிந்ததும் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்தது. அதே பெட்டியில் அடக்கம் செய்தோம்.

அவரை உயிரோடு புதைத்ததாகவும், அவர் உள்ளிருந்து உதைத்ததாகவும் ஊரில் பேசுகிறார்கள். அது பொய். மண்டை பிளந்தவர் உதைப்பதில்லை. அவை லாடம் அடித்த குளம்பின் தடங்கள். பெட்டிக்குள் அவர் மட்டும்தான் இருந்தார்.