பிள்ளையார் நடக்கிறார்

“இஞ்ச கேளுகா கண்ணாத்த, பிள்ளையார் இண்டைக்கும் இடம் மாறிற்றார்!”

மாட்டுப்பட்டி பார்க்கப் போன பூபாலப்போடி பாதியில் ஓடி வந்து முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இடுப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை.

வவுணதீவுக் காட்டுப்பாதையில் போகிறவர்கள் பிள்ளையார் கல்லுக்கு ஒரு இலைக்குழை முறித்து வைத்துவிட்டுத்தான் போவார்கள். மரத்தடியில் இருந்த அந்தக் கல், ஒருநாள் பாதையோரம் போடியாரின் மேய்ச்சல் தரையில் மண்டிக்கிடந்த உண்ணிப் பற்றைப் புதருக்குள் போய் இருந்தது. குழை வேண்டாம், உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கி வைக்கட்டும் என்று பிள்ளையார் தன் கனவில் சொன்னதாகக் கண்ணாத்தை சொன்னாள். போவோர் வருவோரெல்லாம் பிடுங்கினார்கள். சுற்றிவரத் தரை வெளித்ததும் கல் அடுத்த பற்றைக்குள் போய்விடும்.

நெல் வெட்டுக் காலத்தில் பற்றை பிடுங்கக் கூலிக்கு ஆள் கிடைக்காமல், அந்தச் செடியைத் தின்று மாடுகள் செத்தபோதுகூடப் போடியார் இப்படிக் கலங்கியதில்லை.

“நாம என்ன குத்தம் செஞ்சமோ! பூசாரியாரக் கூட்டி வரப்போறன்.”

“சும்மா இருங்க. புல்லு முளைச்சு மாடு வயிறு நிறைய மேயுது. கோவமெண்டா மேய விடுவாரா?”

“அப்ப அவர் எங்கதான் போறார்?”

“வாய்க்கால் கரைப் பத்தைக்கு. அதோட முடிஞ்சிரும்.”

போடியார் நடையை நிறுத்தினார்.

“அது உனக்கு எப்பிடித் தெரியும்?”

கண்ணாத்தை எண்ணெய்ச் சிரட்டையைக் கீழே வைத்தாள்.

“நாளைக்கு நீங்களே தூக்கிப் போங்க. எனக்கு இடுப்புப் பிடிச்சிற்று.”