கிடங்கு வேலைக்கான எழுத்து

காப்பிக்கொட்டை காயவைக்கும் கொட்டகையில் அரிக்கேன் விளக்கு புகைகிறது. விடிந்ததிலிருந்து சரிவில் பழம் பறித்தவர்கள் இடுப்புக் கூடையைக்கூட அவிழ்க்காமல் சாக்குகளின்மேல் சாய்ந்திருக்கிறார்கள். நனைந்த சேலைகளிலிருந்து பழத்தோலின் புளித்த வாடை எழுகிறது. கரி பூசிய பலகையில் குழந்தைசாமி வாத்தியார் எழுதியிருப்பது மூன்றே வரி: முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு. வேறெதுவும் சொல்லித்தர வேண்டாம் என்பது தோட்டத்துத் துரையின் உத்தரவு. இந்த மூன்றையும் பார்க்காமல் எழுதிக் காட்டுகிறவர்களுக்குக் கிடங்கில் சாக்குக்கு அடையாளம் போடுகிற வேலை. மழையில் சரிவு ஏற வேண்டியதில்லை. முழங்கால் வீங்கிக் கிடக்கும் பொன்னாயிக்கு அந்த வேலை வேண்டும். சுண்ணாம்புக்கட்டியை இரண்டு விரலால் பிடித்துப் பலகையில் வைக்கிறாள். காம்பு நோகாமல் பழத்தைத் திருகித் திருகிப் பழகிய விரல் தானாகத் திரும்ப, கட்டி மறுபடியும் முறிந்து விழுகிறது. யாரும் சிரிக்கவில்லை. கூரைத் தகரத்தில் மழை ஒரே சீராகக் கொட்டுகிறது. வாத்தியார் குனிந்து துண்டுகளைப் பொறுக்குகிறார். அவருக்கும் கண் சொருகுகிறது.

“ஏனுங்க வாத்தியாரே, எம் பேரை எழுதக் கத்துக்கிட்டா என்ன வேலைங்க குடுப்பாங்க?”

“அதுக்கெல்லாம் ஒண்ணும் குடுக்க மாட்டாங்கக்கா.”

பொன்னாயி சுவரில் சாய்ந்து முழங்காலை மெல்ல நீட்டிக்கொள்கிறாள்.

“அப்படீன்னா இன்னைக்கு அதைச் சொல்லிக் குடுங்க. வேலைக்குப் போவாத எழுத்து ஒண்ணாவது இருக்கட்டுமுங்க.”